கரமனை வீட்டு விசுவாமித்திரர்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள் முழுக்க வண்டி உண்டு. தமிழ்நாட்டு வண்டியானாலும் கேரள வண்டியானாலும் வழி ஒன்றுதான். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நெரிசலோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஓர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். அதுதான் கரமனை. தெற்கேயிருந்து வருகிறவர்களுக்குத் தலைநகரத்தின் வாசல்படி. ஆனால் வாசல்படியில் யாரும் நிற்பதில்லை. பாலம் வந்ததும் மேல்தட்டிலிருந்து பையை இறக்கிக்கொண்டு, அடுத்து வரும் தம்பானூருக்குத் தயாராகிவிடுவார்கள். நான் கரமனையிலேயே இறங்கினேன். அங்குள்ள அக்கிரகாரத்தில், ஒரு வீட்டுக் கூடத்தில், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட விசுவாமித்திரர் படம் ஒன்று இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார்.

என் பையில் வேறொரு துறவி இருந்தார். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் அச்செடுத்த படம். மார்ட்டின் ஷோன்காவர் என்ற ஜெர்மானியர் ஏறத்தாழ 1470க்கும் 1475க்கும் இடையில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. மூலப் படத்தின் அளவும் கிட்டத்தட்ட ஏ4தான் என்பதால், அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் அதே அளவில் என் கையில் இருந்தது. பேய்கள் பிடித்து இழுக்கும் புனித அந்தோணியாரின் படம் அது.

வண்டி ஏறும் முன் வடசேரியிலேயே அதை ஒருவரிடம் காட்ட நினைத்திருந்தேன். கோயில் நகை செய்யும் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் அது. அவர்கள் செய்யும் கெம்புக்கல் நகைகள் பரதநாட்டிய மேடைகளுக்கெல்லாம் போகின்றன. புவிசார் குறியீடும் பெற்றவை. ஷோன்காவரும் பொற்கொல்லர் மகன். பிரான்சின் எல்லையில் இன்று இருக்கும் கோல்மார் நகரத்துக்காரர். தங்கத்திலும் வெள்ளியிலும் பூவேலை வெட்டிய கைகளில்தான் ஐரோப்பாவில் செப்புத்தகட்டு அச்சுக்கலை பிறந்தது. நம்மூர்ப் பொற்கொல்லர் ஒருவர் இந்தப் படத்தில் என்ன பார்ப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பட்டறையில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். பேய்களையும் பார்க்கவில்லை, சாமியாரையும் பார்க்கவில்லை. கோடுகளைப் பார்த்தார்.

"இது நம்ம வேலயில்லா! வரையல, வெட்டியிருக்கான். பாத்தியளா, ஒவ்வொரு கோடும் ஊசியா எறங்கி, நடுவுல தடிச்சு, திரும்ப ஊசியா முடியுது. பேனாவுல இது வராது. வளைவு வருத எடத்துல கைய வளைக்கல, தகட்டத் திருப்பியிருக்கான்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. செதுக்குபவர் தகட்டைத் தோல் மெத்தையின் மேல் வைத்து, உளியை ஒரே திசையில் தள்ளியபடி, வளைவுக்கேற்பத் தகட்டைத்தான் சுழற்றுவார். பிறகு பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுப்பார்கள். பள்ளத்து மை தாளில் ஏறும். படம் இடம் வலமாக மாறித்தான் வரும் என்பதால் தகட்டில் எல்லாவற்றையும் தலைகீழ்ப் பக்கமாக யோசித்து வெட்ட வேண்டும். ஒரு கோடு பிசகினால் தேய்த்துச் சமன்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

பெரியவர் தாளைத் திருப்பித் தரும்போதுதான் கேட்டார்: "ஆமா, இந்தச் சாமியார எதுக்கு இப்படிப் போட்டுப் பிய்க்கி?"

அந்தக் கேள்வியோடுதான் வண்டி ஏறினேன்.

அந்தோணியாரின் கதை எகிப்தில் நடந்தது. பிறப்பு ஏறத்தாழ கி.பி. 251, இறப்பு 356. நூற்றைந்து வயது வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய வாழ்க்கையை எழுதியவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார். பெற்றோர் விட்டுப்போன நிலபுலன்களை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, முதலில் ஊரெல்லையிலும், பிறகு கல்லறைக் குகையிலும், பிறகு பாலைவனத்திலும் தனியாக இருந்தார். சாத்தான் விடவில்லை. இரவில் பெண் வடிவில் வந்தான். வழியில் பொன்னைப் போட்டு வைத்தான். எதுவும் எடுபடாதபோது சிங்கம், கரடி, சிறுத்தை, பாம்பு, தேள் என்று கூட்டமாக வந்து மேலே விழுந்தான். ஒருமுறை அந்தோணியாரின் ஆன்மா வானத்தில் ஏறிப் போவதாகவும், நடுவழியில் பேய்கள் மறிப்பதாகவும் ஒரு காட்சி வருகிறது. ஷோன்காவர் எடுத்துக்கொண்டது அந்த நடுவானத்தை.

படத்தில் தரை என்று பார்த்தால் வலது கீழ் மூலையில் கொஞ்சம் பாறை. மற்றதெல்லாம் வெறும் ஆகாயம். நடுவில் தாடி வைத்த கிழவர் தொங்குகிறார். சுற்றிலும் ஒன்பது பேய்கள். ஒன்று தலைமுடியைப் பிடித்திருக்கிறது, இன்னொன்று அங்கியை, வேறொன்று ஊன்றுகோலை. தடியால் அடிக்க ஓங்குகிறது ஒன்று. வௌவால் சிறகு, மீன் செதில், முள்ளம்பன்றி முள், கொக்கு அலகு, உறிஞ்சு குழல் போன்ற மூக்கு என்று படைப்பில் உள்ளதையெல்லாம் கலைத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார் ஷோன்காவர். அந்தச் செதிலைப் பார்த்துவிட்டுத்தான், சிறுவனாக இருந்த மைக்கேலாஞ்சலோ இந்தப் படத்தை வண்ணத்தில் பிரதி எடுக்கும்போது, மீன்களை வாங்கிவந்து அவற்றின் செதிலைப் பார்த்து வரைந்தார் என்கிறது வாசாரி எழுதிய ஓவியர் வரலாறு. அந்தப் பிரதி என்று கருதப்படும் ஓவியத்தை 2009இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள கிம்பெல் அருங்காட்சியகம் வாங்கியது.

இத்தனை அமளிக்கு நடுவே கிழவரின் முகத்தில் ஒரு சலனம் கிடையாது. கோபம் இல்லை, பயம் இல்லை. கொஞ்சம் களைப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

கரமனையில் இறங்கியதும் முதலில் ஆற்றங்கரைக்குப் போனேன். ஆற்றின் பெயரும் கரமனைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியர் மலைத்தொகுதியில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளில் தேங்கி நகரத்துக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு இங்கே வருகிறது. நகரத்துக்குள் ஓடிவரும் கிள்ளியாறும் இதில்தான் சேர்கிறது. பாலத்துக்கு அடியில் பார்த்தால் தண்ணீர் பச்சையாக, மெதுவாக, பிளாஸ்டிக் பைகளைச் சுமந்துகொண்டு போகிறது. படித்துறையில் ஒருவர் தர்ப்பணம் முடித்து எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். உச்சியில் அகத்தியர் சிலை உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் வனத்துறை அனுமதி பெற்று ஏறலாம். வெகுகாலம் பெண்களுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் அங்கே வரக்கூடாது என்பது அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் காணி மக்களில் பலருடைய நம்பிக்கை. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில்தான் பெண்கள் உச்சி வரை ஏறினார்கள். ஆனால் மகாபாரதத்து அகத்தியர் குடும்பஸ்தர். குழியில் தலைகீழாகத் தொங்கிய முன்னோர்கள், நீ பிள்ளை பெறாவிட்டால் எங்களுக்குக் கதி இல்லை என்று கெஞ்சியதால் உலோபாமுத்திரையை மணந்தவர். ஒரே முனிவரை மலையில் ஒரு விதமாகவும் ஏட்டில் ஒரு விதமாகவும் வைத்திருக்கிறோம். தவம் செய்கிறவருக்குப் பெண் ஆபத்தா, பிள்ளை கடமையா என்பதை நாம் இன்னும் முடிவு செய்துகொள்ளவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆற்றை ஒட்டியே அக்கிரகாரம். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் கோயில் காரியம், அரண்மனைக் கணக்கு, சமையல், சங்கீதம் என்று வந்து குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பங்களின் தெருக்கள். சத்தியவாகீசுவரர் கோயிலைச் சுற்றி வந்தால் ஊரின் பழைய அமைப்பு பிடிபட்டுவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஓட்டுக்கூரை, திண்ணை, நீண்ட நடை, நடுவில் முற்றம். இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு இடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர், ஷட்டருக்குள் ஸ்கூட்டர். கோலம் மட்டும் இரண்டு வகை வீட்டு வாசலிலும் இருந்தது. இங்கிருந்து கிள்ளிப்பாலத்தைத் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. அங்கே கடை நடத்திக்கொண்டே தமிழில் கதை எழுதி, 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ. மாதவனின் உலகம் அது. நீல. பத்மநாபன், நகுலன் என்று இந்த நகரம் தமிழுக்குக் கொடுத்தவர்களின் பட்டியல் நீளமானது.

நான் தேடிப்போன வீட்டில் மாமி வாசலிலேயே நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியவர். "வாங்கோ, உள்ளே வாங்கோ. படம் பாக்கத்தானே? காப்பி குடிச்சுட்டுப் பாக்கலாம், அது எங்கேயும் ஓடிப்போயிடாது."

கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்கும் மாமாவின் மாலையிட்ட போட்டோவுக்கும் நடுவே, தேக்குச் சட்டத்தில் அந்தப் படம் மாட்டியிருந்தது. காட்டில் ஒரு ஆசிரமம். மேனகை கைக்குழந்தையை நீட்டுகிறாள். விசுவாமித்திரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேண்டாம் என்று கையைத் தூக்கியிருக்கிறார். 'சகுந்தலையின் பிறப்பு' என்று அறியப்படும் படம். ராஜா ரவி வர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்திலிருந்து முதலில் வெளிவந்த படம் இதுதான் என்பார்கள்.

மாமி வீட்டுப் படத்தில் இன்னொரு விசேஷம் இருந்தது. மேனகையின் புடவைக் கரை நெடுகிலும் நிஜ ஜரிகை தைத்திருந்தது. தாளிலேயே ஊசி குத்தி, ஒவ்வொரு மடிப்புக்கும் தகுந்தபடி வளைத்துத் தைத்த ஜரிகை. கழுத்து நகைக்கு ஜிகினாப் பொட்டு. குழந்தையின் இடுப்பில் ஒரே ஒரு தங்க இழை, அரைஞாண் கயிறாக. தென்னிந்திய வீடுகளில் அச்சுப்படங்களுக்கு இப்படித் துணியும் ஜரிகையும் வைத்து அலங்கரிப்பது ஒரு காலத்தில் பெண்கள் கைவேலையாக இருந்தது. இதைத் தைத்தவர் மாமியின் மாமியாருக்கு மாமியார். விசுவாமித்திரர் மேல் ஒரு பொட்டுகூட இல்லை. அச்சில் வந்தபடியே மொட்டையாக நின்றார்.

"ரிஷிக்கு ஏன் ஒண்ணுமே வைக்கலை மாமி?"

"எதுக்கு வைக்கணும்? பெத்த கொழந்தையப் பாக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிண்டு நிக்கறார். அவருக்கு ஜரிகை ஒரு கேடா?" மாமி சிரிக்காமல்தான் சொன்னார். "தபஸ் கலைஞ்சது தப்பில்லை, கேட்டேளா. அது இந்திரன் பண்ணின வேலை. அந்தப் பொண்ணும் பாவம், சொன்னதைச் செய்ய வந்தவ. பின்னே கொழந்தை என்ன பண்ணித்து? அங்கேதான் அவர் தோத்தார்."

புராணத்தைத் திருப்பிப் பார்த்தால் மாமியின் கட்சிக்குப் பலம் இருக்கிறது. வான்மீகி ராமாயணத்தில் மேனகையோடு பத்து ஆண்டுகள் போனபிறகுதான் விசுவாமித்திரருக்கு உறைக்கிறது. அடுத்து இந்திரன் ரம்பையை அனுப்புகிறான். இம்முறை அவர் மயங்கவில்லை. கோபப்பட்டு அவளைக் கல்லாகச் சபித்துவிடுகிறார். சேர்த்து வைத்த தவம் அந்தக் கோபத்திலும் கரைகிறது. ஆசையை வென்றவர் ஆத்திரத்திடம் தோற்றார். சகுந்தலை பிறந்த கதை மகாபாரத ஆதிபருவத்தில் வருகிறது. அங்கே மேனகை, முனிவரின் கோபம் பொல்லாதது, என்னை எரித்துவிடுவாரே என்று இந்திரனிடம் பயந்து சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள். நம் புராணங்களில் தவத்தைக் கலைக்க வருகிறவர்களுக்குக் கொம்பும் வாலும் கிடையாது. அவர்களும் யாரோ ஒருவரின் உத்தரவுக்கு நடுங்குகிறவர்கள்.

இந்தப் படத்துக்குத் தமிழ்த் தொடர்புகள் நிறைய. கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவி வர்மா, பதின்ம வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து கற்றுக்கொடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. படங்களை வெளிநாட்டில் அச்சடிக்க ஏற்பாடு செய்தால் எல்லா வீட்டுக்கும் போகுமே என்று ரவி வர்மாவுக்கு யோசனை எழுதியவர் டி. மாதவ ராவ். கும்பகோணத்துக்காரர், திருவிதாங்கூரிலும் பிறகு பரோடாவிலும் திவானாக இருந்தவர். பரோடா மன்னருக்காக ரவி வர்மா வரைந்த பதினான்கு புராணப் படங்களில் ஒன்று 'விசுவாமித்திரரும் மேனகையும்', 1890இல் முடித்தது.

அச்சகம் வந்தது. ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். செப்புத்தகட்டு வேலைக்கும் இதற்கும் வழியே வேறு. பவேரியாவிலிருந்து வந்த வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லில் பிசுக்கு மையால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே வண்ணம் உருட்டினால் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் வண்ணம் பிடிக்கும். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒரு படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் ஆகும். எல்லாக் கல்லும் ஒரே இடத்தில் துல்லியமாக உட்கார வேண்டும். மாமி வீட்டுப் படத்தின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேனகையின் கைவிரல் நுனியில் சிவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. கீழே விளிம்பில் 'ரவி வர்மா பிரஸ்' என்ற எழுத்துகள். அதற்குப் பின்னால் இருந்ததை இராமபாணம் தின்றிருந்தது. அச்சகம் 1899இல் லோனாவலா அருகே மளவலிக்கு இடம் மாறி, சில ஆண்டுகளில் ஃப்ரிட்ஸ் ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. ரவி வர்மா 1906இல் காலமானார். அச்சகக் கட்டடம் 1972இல் தீப்பிடித்து எரிந்துபோனது.

பையிலிருந்து அந்தோணியாரை எடுத்து மாமியிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஐயோ, என்னடா இது, இப்படிப் பிடிச்சு இழுக்கறதுகளே! யாரு இவர்? கிறிஸ்தவா சாமியா?" கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "மூஞ்சியப் பாருங்கோ. ஒரு கோபம் இருக்கா? நம்ம ஆளு மாதிரித் திருப்பிக்கவும் இல்லை. இவர் ஜெயிச்சுட்டார்." தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "ஆனா இவருக்கு யாரும் கொழந்தையைக் கொண்டுவந்து நீட்டலையே. பேயை ஜெயிக்கறது ஸுலபம்" என்றார்.

ஓவிய விமரிசனம் எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாகச் சுற்றி வருகிற இடத்தை மாமி இரண்டு வாக்கியத்தில் தொட்டுவிட்டார். ஷோன்காவரின் பேய்கள் பார்த்தவுடனேயே பேய்கள். அவற்றிடம் மனம் இளகுவதற்கு இடமே இல்லை, தாங்கிக்கொண்டால் போதும். ரவி வர்மாவின் படத்தில் சோதனை அழகாக வந்து போய்விட்டது. அதன் விளைவு கையை ஆட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது. இதற்குத் தாங்கும் சக்தி உதவாது. ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். அந்த இடத்தில்தான் மாமுனிவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ரவி வர்மா அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்ததும், அந்தப் படம் இத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்சாரிகள் வாங்கி மாட்டுகிற துறவி படத்தில் சம்சாரிகளின் நியாயமும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

அந்தோணியாரும் தமிழ்நாட்டுக்கு வந்து மாறித்தான் போனார். நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் வனத்து அந்தோணியார். திருநாள் ஜனவரி 17. மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு வருகிறது. திண்டுக்கல், திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் அன்று காளைகளையும் பசுக்களையும் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்துக் கோயில் முற்றத்துக்கு ஓட்டி வருவார்கள். குருவானவர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். சில ஊர்களில் அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டும் உண்டு. சொரூபத்தில் அவர் காலடியில் ஒரு பன்றி நிற்கும், கோலில் மணி தொங்கும். அதற்கும் ஐரோப்பாவில் ஒரு கதை இருக்கிறது. பூஞ்சை பிடித்த ரை என்ற தானியத்தால் தோல் எரிந்து கைகால் அழுகும் நோய் அங்கே ஊர் ஊராகப் பரவியபோது, அந்தோணியார் பெயரிலான துறவற சபை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது. அந்தச் சபையின் பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருவில் சுதந்திரமாக மேய அனுமதி பெற்றிருந்தன. அந்த மணியும் பன்றியும் கடல் கடந்து வந்து கால்நடைக் காவலுக்கு அடையாளமாகிவிட்டன. வழியில் ஒன்பது பேய்களும் உதிர்ந்துவிட்டன.

நம் மக்கள் இன்னும் நெருக்கமாகப் பழகுவது மற்றொரு அந்தோணியாரிடம்தான். பதுவை நகர் அந்தோணியார், 1231இல் மறைந்தவர். எகிப்துத் துறவியின் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டவர். உவரியிலிருந்து புளியம்பட்டி வரை, திருவனந்தபுரம் கடற்கரையில் வலியதுறை வரை அவருக்குக் கோயில்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் அவருக்குத்தான். கோடி அற்புதர் என்று கொண்டாடுவார்கள். அவருடைய சொரூபம் எல்லாருக்கும் தெரியும்: இளம் துறவி, கையில் லில்லிப் பூ, இன்னொரு கையில் குழந்தை. பாலைவனத்தில் தனியே போராடி வென்ற கிழவரை மதிக்கிறோம். குழந்தையை ஏந்தியவரிடம்தான் போய் அழுகிறோம். கரமனை மாமிக்கு அந்தச் சொரூபத்தைக் காட்டியிருந்தால் ஜரிகை வைத்துத் தைத்திருப்பார்.

மதியத்துக்கு மேல் ஆட்டோ பிடித்து மியூசியம் போனேன். தம்பானூர், பாளையம் தாண்டி, கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் கட்டி 1880இல் முடித்த நேப்பியர் மியூசியம் இருக்கும் அதே வளாகம். ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் 1935இல் திறந்தது. தஞ்சாவூர், ராஜஸ்தான், முகலாயப் படங்களோடு, இமயமலையையே வரைந்துகொண்டிருந்த ருஷ்யர் ரோரிக்கின் ஓவியங்களும் உண்டு. ரவி வர்மாவுக்கென்று தனிக் கூடம் 2023இல் திறக்கப்பட்டது. மூல ஓவியங்களைப் பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் தெற்கே இல்லை. துணியின் நெசவும் தூரிகை போன தடமும் தெரிகின்றன. அச்சுப்படத்தில் தட்டையாகிப் போகிற பட்டுப்புடவையின் பளபளப்பு இங்கே நிஜமாகவே பளபளக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போகவும். பரோடாவுக்குப் போன விசுவாமித்திரர் இங்கே இல்லை. அவரைப் பார்க்க வடோதராவுக்குத்தான் போக வேண்டும்.

கூடத்தில் அத்தனை மூலங்களைப் பார்த்து முடித்த பிறகும் கரமனை வீட்டு அச்சுப்படம் குறைந்துபோகவில்லை. மூல ஓவியம் ஒரே ஒருவருடையது. அச்சுப்படத்தில் ரவி வர்மாவும், கல்லில் வரைந்த பெயர் தெரியாத தொழிலாளியும், அதன் மேல் ஊசி எடுத்துத் தீர்ப்பு எழுதிய ஒரு கரமனைப் பெண்ணும் இருக்கிறார்கள். மூன்றாமவரின் பங்கு எந்த அருங்காட்சியகப் பட்டியலிலும் வராது. அது அந்த ஒரு படத்தில் மட்டும் இருக்கிறது.

அக்கிரகாரத்தில் வீடுகள் இடிபடும் வேகத்தைப் பார்த்தால் இப்படிப்பட்ட படங்கள் இன்னும் எத்தனை நாள் சுவரில் இருக்குமோ என்ற கவலை வருகிறது. சட்டத்துக்காகப் படத்தை வாங்கி, தேக்கை மட்டும் வைத்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போடுகிற பழைய சாமான்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, ஊரில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டிலோ பழைய அச்சுப்படம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஈரச் சுவரிலிருந்தும் நேர் வெயிலிலிருந்தும் இறக்கி வையுங்கள். பின்னால் வைத்த பழைய செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள அமிலம்தான் படத்தைப் பழுப்பாக்குகிறது. கண்ணாடி தாளோடு ஒட்டியிருந்தால் நீங்களே பிய்க்க வேண்டாம். தெரிந்தவர் கையில் கொடுங்கள். அச்சகத்தின் பெயர் இருக்கும் கீழ் விளிம்பை எந்தக் காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஜரிகை தைத்த படமானால், தைத்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுப் பின்னால் எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்றால் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.